பிரவுசர்ல அனிமேஷன் மக்கர் பண்ணுதா? அறிகுறியை வச்சு சரிபண்ற வழி

ஸ்கூல் பாடத்துக்கு அசையற படம் பண்ணிக் குடுக்கறது என் வேலை. மழை எப்படி பெய்யுது, ரத்தம் எப்படி ஓடுது, பின்னத்தை எப்படி கூட்டறது, இதெல்லாம் பிள்ளைங்க தொட்டா அசையணும், இழுத்தா நகரணும். அதுக்கு ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை அசைக்கற நிரல்), சிஎஸ்எஸ் (தோற்றத்துக்கான விதி), கேன்வாஸ் (ஸ்கிரிப்ட்டால வரையற பலகை), எஸ்விஜி (நிரலா எழுதின படம்) எல்லாத்தையும் கலந்துதான் எழுத வேண்டியிருக்கு. வர்ற கம்ப்ளைன்ட் சுத்திச் சுத்தி அதேதான் வருது. எதாவது ஓடலன்னா உடனே லைப்ரரியை (வேற யாரோ எழுதி வச்ச ரெடிமேட் நிரலை) மாத்திடலாமான்னு கேக்கறாங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் லைப்ரரி மேல தப்பு இருந்தது ரொம்ப கம்மி, முக்கால்வாசி ரெண்டு வரில முடியற விஷயம். அதனால கீழ ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத செக் மொதல்ல, காசும் நேரமும் கேக்கறது கடைசில.

எந்த அறிகுறியா இருந்தாலும் மொதல்ல எஃப்12 அமுக்கி கன்சோலை, அதாவது பிரவுசர் தப்பை எழுதிக் காட்டற இடத்தை பாருங்க. சிவப்பு வரி நிறைய இருந்தா மேல இருக்கற மொத வரியை மட்டும் சரி பண்ணிட்டு ரீலோட் பண்ணுங்க, மிச்சம் பாதி தானா போயிடும்.

## எந்த மெஷின்லயும் ஒண்ணுமே அசையல

கன்சோல்ல "நல்"னு ஒரு வார்த்தையோட எரர் இருக்கா? அப்ப ஸ்கிரிப்ட் தேடற எலிமென்ட் (பக்கத்தோட ஒரு துண்டு) அந்த நேரத்துல பக்கத்துலயே இல்ல. ஸ்கிரிப்ட் டேகை ஹெட்ல போட்டிருப்பீங்க, பாடி வர்றதுக்கு முன்னாடியே அது ஓடி முடிஞ்சிருக்கும். அந்த டேக்ல டிஃபர்னு ஒரு வார்த்தை சேத்தா போதும். அதுக்கும் சரியாகலன்னா ஐடி ஸ்பெல்லிங்.

ஃபைலை ஃபோல்டர்ல டபுள் கிளிக் பண்ணி திறந்தீங்களா? அட்ரஸ் பார் ஃபைல்னு ஆரம்பிச்சா மாட்யூல் ஸ்கிரிப்ட் லோட் ஆகாது, ஃபெட்ச் (வேற ஃபைலை எடுத்து வர்ற கட்டளை) வேலை செய்யாது, லாட்டிங்கற ரெடிமேட் அனிமேஷனோட ஜேசன் (டேட்டா) ஃபைலை குரோம் படிக்க விடாது. விஎஸ் கோட்ங்கற எடிட்டர்ல லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷன் போட்டு அது வழியா திறங்க.

லோக்கல்ல ஓடி சர்வர்ல ஏத்தினதும் செத்துப்போச்சுன்னா ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்தை பாருங்க. விண்டோஸ் கண்டுக்காது, லினக்ஸ் சர்வர் கண்டிப்பா கண்டுக்கும். நெட்வொர்க் டேப்ல 404 (ஃபைல் கெடைக்கல) வரி சிவப்பா நிக்கும்.

எஸ்விஜி படம் தெரியுது ஆனா உள்ள இருக்கற பாகத்தை ஸ்கிரிப்ட்டால தொட முடியலன்னா, அதை இமேஜ் டேக்ல போட்டிருக்கீங்க. அந்த டேக்ல போட்ட எஸ்விஜி வெறும் போட்டோ மாதிரிதான், உள்ள கை விட முடியாது. எஸ்விஜி கோடை அப்படியே பக்கத்துக்குள்ள ஒட்டுங்க.

## எங்கிட்ட ஓடுது, அவங்ககிட்ட மட்டும் ஓடல

இதுல நான் ரெண்டு நாள் தொலைச்சேன். ஒரு ஸ்கூல்ல லேப்ல இருந்த மெஷின் எதுலயும் பாடம் அசையல, கன்சோல் சுத்தமா இருக்கு, அதே பிரவுசர், அதே வெர்ஷன், ஃபோன்ல திறந்தா பிரமாதமா ஓடுது. கோடை நாலு தடவை மாத்தி எழுதினேன். கடைசில பாத்தா அந்த மெஷின் எல்லாம் பழசுங்கறதால, சர்வீஸ் பண்ண வந்தவர் வேகமா இருக்கட்டும்னு விண்டோஸ் பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ல "பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்"ஐ செலக்ட் பண்ணிட்டுப் போயிருக்காரு. அதை போட்டா விண்டோஸ் தன்னோட அனிமேஷனை நிறுத்திடும், பிரவுசரும் அதை பாத்துட்டு இந்த ஆளுக்கு அசைவு வேண்டாமாம்னு பக்கத்துக்கு சொல்லும். நம்ம சிஎஸ்எஸ்ல ரெட்யூஸ்ட் மோஷன்னு ஒரு விதி இருந்துச்சுன்னா அது உடனே எல்லாத்தையும் நிறுத்தும். பூட்ஸ்ட்ராப் மாதிரி ரெடிமேட் சிஎஸ்எஸ்ல அந்த விதி ஏற்கெனவே இருக்கு, நீங்க எழுதலன்னாலும்.

செக் பண்றது இப்படி. அவங்க மெஷின் விண்டோஸ் 11னா செட்டிங்ஸ், ஆக்சசபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ், அதுல அனிமேஷன் எஃபெக்ட்ஸ் ஆன்ல இருக்கான்னு போன்லயே கேளுங்க. உங்க மெஷின்லயே அதை வரவழைச்சு பாக்கணும்னா குரோம் டெவ்டூல்ஸ்ல (எஃப்12ல திறக்கறது) ரெண்டரிங் டேப்ல ரெட்யூஸ்ட் மோஷனை எமுலேட் பண்ணலாம். அதுக்காக அந்த விதியை தூக்கிப் போட்டுடாதீங்க, அசையற படம் பாத்தா தல சுத்தி வாந்தி வர்றவங்க நிஜமாவே இருக்காங்க. பேக்ரவுண்ட்ல மேகம் நகர்றது, பட்டன் துள்றது, இதை நிறுத்துங்க, பாடமே எதை காட்டணுமோ அந்த அசைவை "ஓட்டு"ன்னு ஒரு பட்டனுக்குப் பின்னாடி வைங்க.

## சிஎஸ்எஸ் கிளாஸ் சேத்தா நகராம டக்குனு போய் நிக்குது

டிஸ்ப்ளே நன்ல இருந்து பிளாக் ஆகுதா? அதுல இருந்து சாதாரணமா டிரான்சிஷன் (மெதுவா மாறற அசைவு) கிளம்பாது. மறைக்கறதுக்கு ஒபாசிட்டியும் விசிபிலிட்டியும் யூஸ் பண்ணுங்க. உயரம் ஆட்டோவுக்குப் போகுதா? அதுவும் சாதாரணமா நகராது, வெளிய கிரிட் போட்டு ரோவை 0எஃப்ஆர்ல இருந்து 1எஃப்ஆருக்கு கொண்டு போங்க, உள்ள இருக்கறதுக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் வச்சா சரியா விரியும்.

ரெண்டும் இல்லன்னா, எலிமென்ட்டை புதுசா சேத்து அதே மூச்சுல கிளாஸையும் போட்டிருப்பீங்க. பிரவுசர் ரெண்டையும் ஒண்ணா சேத்துதான் வரையும், நடுவுல இருந்த நிலைமையை அது பாக்கவே இல்ல. சேத்த பிறகு அந்த எலிமென்ட்டோட ஆஃப்செட் விட்த்தை (அகலத்தை) ஒரு தடவை படிங்க, மதிப்பை எங்கயும் வச்சுக்க வேணாம், படிச்சா போதும், அப்புறம் கிளாஸை போடுங்க.

மொத கிளிக்ல ஓடுது, ரெண்டாவது கிளிக்ல இல்ல: இதுவும் அதே வியாதிதான். கிளாஸை எடுத்துட்டு உடனே திரும்பப் போட்டா எதுவும் மாறல. நடுவுல அதே ஆஃப்செட் விட்த். இல்ல எலிமென்ட் மேலயே அனிமேட் ஃபங்ஷனை கூப்பிடுங்க, எத்தனை தடவை கூப்பிட்டாலும் புதுசா ஓடும், என் சாய்ஸ் இதுதான்.

முடிஞ்சதும் பழைய இடத்துக்கே குதிக்குது: அனிமேட் ஃபங்ஷன் முடிஞ்சா எலிமென்ட்டை பழையபடி விட்டுடும். முடிவு நிலையை ஸ்டைல்ல முன்னாடியே எழுதி வச்சுட்டு அனிமேட்டை கூப்பிடுங்க. ஃபில் ஃபார்வர்ட்ஸ் போட்டாலும் நிக்கும், ஆனா அப்புறம் ஸ்டைலை மாத்தினா அது கேக்காது, வேற ஒரு புதிர்ல மாட்டிப்பீங்க.

மார்க் ரெண்டு ரெண்டா ஏறுது: டிரான்சிஷன் எண்ட் ஈவென்ட்ல (அசைவு முடிஞ்சதும் வர்ற அறிவிப்பு) மார்க்கை ஏத்தியிருப்பீங்க. நகரவும் மங்கவும் ரெண்டும் நடந்தா ரெண்டு தடவை வரும், உள்ள இருக்கற குழந்தை எலிமென்ட்டோட ஈவென்ட்டும் மேல ஏறி வந்து எண்ணிக்கைல சேரும். எந்த எலிமென்ட், எந்த ப்ராப்பர்ட்டின்னு கேட்டுட்டு அப்புறம் ஏத்துங்க.

## வேகம் சரியில்ல

ஒரு போன்ல மட்டும் ரெண்டு மடங்கு வேகம்: ரெக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம்ல (ஸ்கிரீன் புதுசா வரையறதுக்கு முன்னாடி நம்ம ஃபங்ஷனை கூப்பிடறது) ஒவ்வொரு தடவையும் 2 பிக்சல் நகத்துங்கன்னு எழுதியிருப்பீங்க. 60 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன்ல அது நொடிக்கு 120 பிக்சல், 120 ஹெர்ட்ஸ் போன்ல 240. ஐஃபோன்ல லோ பவர் மோட் போட்டா சஃபாரி 30 ஃப்ரேமா குறைச்சுடும், அப்ப பாதி வேகம். ஃபங்ஷனுக்குள்ள வர்ற டைம்ஸ்டாம்பை எடுத்து போன ஃப்ரேமுக்கும் இதுக்கும் எத்தனை மில்லிசெகண்ட்னு கழிச்சு, நொடிக்கு இவ்வளவுன்னு பெருக்குங்க. பின்னாடி சேக்கறது எரிச்சலான வேலை, மொத நாளே இப்படி எழுதிடுங்க.

கிளிக் பண்ணப் பண்ண வேகம் ஏறுது: பழைய லூப் நிக்காம புது லூப்பும் கிளம்புது. ஓட்டற பட்டனோட மொத வரி பழசை கேன்சல் பண்றதா இருக்கணும்.

டேப் மாத்திட்டு திரும்பி வந்தா குதிக்குது: மறைஞ்ச டேப்ல ஃப்ரேம் கூப்பிடறது நின்னுடும், திரும்பி வரும்போது நடுவுல போன அஞ்சு நிமிஷத்தையும் ஒரே ஃப்ரேம்ல கணக்கு பண்ணி பந்து செவுத்தைத் தாண்டிப் போயிடும். அந்த இடைவெளிக்கு மேல் வரம்பு ஒண்ணு வைங்க, நான் 50 மில்லிசெகண்ட் வைக்கறேன்.

## திக்கித் திக்கி ஓடுது

கோடை தொடாதீங்க மொதல்ல. லேப்டாப் சார்ஜர்ல இருக்கா, பேட்டரி சேவர் ஆன்லயா, பிரவுசர் செட்டிங்ஸ்ல ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க.

அடுத்து படங்க. 4000க்கு 3000 பிக்சல் போட்டோ நல்லா சுருக்கி வச்சா டிஸ்க்ல 400 கேபி தான் இருக்கும், ஆனா பிரவுசர் அதை விரிச்சு வரையும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட்னு 4 கோடியே 80 லட்சம் பைட் மெமரி எடுக்கும். ஸ்கிரீன்ல அது 300 பிக்சல் அகலத்துல ஒரு மாமரமா ஓரத்துல நிக்குது. காட்டற சைஸோட ரெண்டு மடங்குக்கு மேல எந்தப் படமும் வேண்டாம்.

அப்புறம்தான் கோடு. டாப், லெஃப்ட், விட்த் இதையெல்லாம் அசைக்கறீங்களா? டிரான்ஸ்ஃபார்முக்கு மாத்துங்க, மங்கறதுக்கு ஒபாசிட்டி. இது ஒண்ணுலயே நிறைய கேஸ் முடிஞ்சுடும். லூப்புக்குள்ள ஒரு எலிமென்ட்டோட அளவை படிச்சு, ஸ்டைலை எழுதி, அடுத்ததோட அளவை படிச்சு, எழுதின்னு மாத்தி மாத்தி பண்றீங்களான்னு பாருங்க, மொத்தமா படிச்சுட்டு மொத்தமா எழுதுங்க. மேல ஆஃப்செட் விட்த்தை படிக்கச் சொன்னேன் இல்லயா, அது கிளிக்குக்கு ஒரு தடவை பண்றது, ஃப்ரேமுக்கு ஒரு தடவை பண்ணா அதுவே நோய். பெரிய பிளர், பெரிய நிழல் இருந்தா அதை ஒரு படமா முன்னாடியே பண்ணி வச்சுக்கோங்க. வில் சேஞ்ச் (இது அசையப் போகுதுன்னு பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்றது) எல்லாத்துலயும் தெளிக்காதீங்க, மெமரி தான் போகும்.

இவ்வளவும் பண்ணி நிக்கலன்னா பெர்ஃபார்மன்ஸ் டேப்ல சிபியுவை 4 மடங்கு ஸ்லோ பண்ணி அஞ்சு செகண்ட் ரெக்கார்ட் பண்ணுங்க. 60 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃப்ரேமுக்கு கெடைக்கறது 16.7 மில்லிசெகண்ட். அதைத் தாண்டற கட்டை எதுன்னு கலர்லயே தெரியும், மஞ்சள்னா உங்க ஸ்கிரிப்ட், ஊதான்னா லேஅவுட், பச்சைன்னா பெயின்ட். கட்டை எல்லாம் சின்னதா இருந்தும் திக்குதுன்னா, இல்ல அரை மணி நேரம் ஓடினா மட்டும் டேப் கனமாகுதுன்னா, வெப்ஜிஎல் (கிராஃபிக்ஸ் சிப்பை வச்சு வரையறது), மெமரி லீக் (மெமரி விடாம ஏறிட்டே போறது) தெரிஞ்ச ஆளை கூப்பிடுங்க. அந்த ரெக்கார்டிங்கை சேவ் பண்ணி அனுப்புங்க, அவங்களுக்கு பாதி நாள் மிச்சம்.

## கேன்வாஸ்ல மட்டும் வர்ற தொல்லை

மங்கலா தெரிஞ்சா: கேன்வாஸுக்கு ரெண்டு சைஸ் இருக்கு, சிஎஸ்எஸ்ல காட்டற சைஸ், டேக்ல இருக்கற நிஜ சைஸ். ரெண்டாவதை சொல்லலன்னா 300க்கு 150 தான், அதை இழுத்து காட்டுது. நிஜ சைஸை டிவைஸ் பிக்சல் ரேஷியோவால (ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்கு ஸ்கிரீன்ல எத்தனை பிக்சல்ங்கற எண்) பெருக்கி வச்சுட்டு காண்டெக்ஸ்ட்டை அதே அளவு ஸ்கேல் பண்ணுங்க. ரொம்ப பெருசாவும் போயிடாதீங்க, பல ஐஃபோன்ல 4096க்கு 4096 பரப்பைத் தாண்டினா கேன்வாஸ் வெறுமையா நிக்கும்.

நகர்ற பொருளுக்கு வால் மொளைச்சா கிளியர் ரெக்ட் (பழைய படத்தை அழிக்கற கட்டளை) மறந்துட்டீங்க. மொத ஒரு நிமிஷம் நல்லா ஓடிட்டு போகப் போக படுத்துக்குதுன்னா பிகின் பாத் (புது கோடு ஆரம்பிக்கற கட்டளை) மறந்துட்டீங்க, மொத ஃப்ரேம்ல இருந்து வரைஞ்ச கோடு எல்லாத்தையும் ஒவ்வொரு ஃப்ரேம்லயும் திரும்ப வரையுது. இந்த ஒரு வரி இல்லாம புது கம்ப்யூட்டர் வாங்கணுமான்னு என்கிட்ட கேட்டிருக்காங்க.

ஃபான்ட் மொத தடவை வேற மாதிரி வந்து ரீலோட்ல சரியாகுதுன்னா, ஃபான்ட் வந்து சேரும் முன்னாடியே வரைஞ்சுட்டீங்க. டாக்குமென்ட் ஃபான்ட்ஸோட லோட் ஃபங்ஷன்ல அந்த ஃபான்ட்டை கேட்டு, வந்த பிறகு வரையுங்க.

## தமிழ் எழுத்து உடைஞ்சு விழுது

இதுக்கு இங்கிலீஷ்ல எழுதின டுடோரியல்ல பெரும்பாலும் பதில் இருக்காது, ஏன்னா இங்கிலீஷ் எழுத்துல இந்தப் பிரச்சனை வராது. ஒவ்வொரு எழுத்தா வந்து விழற அனிமேஷன் போட்டிருப்பீங்க, டைப்ரைட்டர் மாதிரி. "தமிழ்"னு குடுத்தா த, ம வரும், அப்புறம் புள்ளி வட்டத்தோட ஒரு கொக்கி தனியா விழும், அப்புறம் ழ, கடைசில புள்ளி மட்டும் தனியா. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை அதை பாத்து எழுத்தையே தப்பா புரிஞ்சுக்கும், அதனால இதை நான் சின்ன பிழையா எடுத்துக்கறதே இல்ல.

காரணம், ஸ்பிளிட் பண்ணும்போது ஜாவாஸ்கிரிப்ட் யூனிகோட் துண்டை எண்ணுது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளின்னு "தமிழ்" அதுக்கு 5. நமக்கு 3. பிரவுசர்லயே இருக்கற இன்ட்ல் செக்மென்டரை (எழுத்தைப் பிரிச்சுக் குடுக்கற கருவி) கிராஃபீம், அதாவது கண்ணுக்குத் தெரியற முழு எழுத்துன்னு சொல்லி கூப்பிட்டா த, மி, ழ்னு அழகா பிரிச்சுக் குடுக்கும். குரோம், சஃபாரில ரொம்ப நாளா இருக்கு, ஃபயர்ஃபாக்ஸ்ல 2024ல வந்த 125ல தான் வந்துச்சு, அதனால பழைய ஃபயர்ஃபாக்ஸ் இருக்கற லேபா இருந்தா எழுத்துக்குப் பின்னாடி வர்ற குறிகளை ஒட்டிக்கற மாதிரி சொந்தமா ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வச்சுக்கோங்க.

அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. "லக்ஷ்மி"ன்னு பேர் போட்டுப் பாருங்க, க், ஷ்னு ரெண்டா பிரிஞ்சு ரெண்டு ஸ்பேன்ல போயிடும், க்ஷ் சேராது. "ஸ்ரீ"யும் அதே கதை. பிரிச்ச பிறகு "க்" அடுத்து ஷ-ல ஆரம்பிக்கற துண்டு வந்தா ஒட்டுங்க, "ஸ்" அடுத்து "ரீ" வந்தா ஒட்டுங்க. ஸ்ரீயை இந்த ஸ-வாலயும் எழுதறாங்க, ஶ-வாலயும் எழுதறாங்க, ரெண்டையும் பாத்துக்கணும்.

பிள்ளை எழுத்தை இழுத்து வச்சு வார்த்தை சேக்கற விளையாட்டா? விடை சரியா இருந்தும் தப்புன்னு காட்டுதா? "கொடி"ல இருக்கற கொம்பும் காலும் ஒரே குறியா வந்திருக்கலாம், ரெண்டு குறியா வந்திருக்கலாம், கண்ணுக்கு ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற. ரெண்டு பக்கமும் நார்மலைஸ் பண்ணிட்டு (ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துட்டு) ஒப்பிடுங்க. "மௌனம்" மட்டும் அதுக்கும் அடங்காது, பல பேர் ஒற்றைக் கொம்பு போட்டு பக்கத்துல ள எழுத்தையே அடிச்சிருப்பாங்க, அதை நீங்களே தேடி மாத்தணும்.

## சத்தம் வரல, எஸ்விஜி சுத்தும்போது ஓடுது

சத்தம்: பக்கம் திறந்ததும் தானா பாட விடறதை குரோம் 2018லயே நிறுத்திடுச்சு, மத்த பிரவுசரும் அப்படித்தான். "ஆரம்பி" பட்டன் ஒண்ணு வச்சு, அந்த கிளிக்குக்குள்ள ஆடியோ காண்டெக்ஸ்ட்டை ரெஸ்யூம் பண்ணுங்க.

காத்தாடி தன் இடத்துலயே சுத்தாம பக்கத்தையே சுத்தி வருதுன்னா, எஸ்விஜி பாகத்துக்கு சுத்தற மையம் மொத்தப் படத்தோட மேல் இடது மூலைல இருக்கு. டிரான்ஸ்ஃபார்ம் பாக்ஸை ஃபில் பாக்ஸ்னும், டிரான்ஸ்ஃபார்ம் ஆரிஜினை சென்டர்னும் வைங்க.

## பழைய ஃபிளாஷ் பாடம்

அடோபி 2020 டிசம்பர் 31ஓட ஃபிளாஷை (பழைய அனிமேஷன் பாடங்களை பிரவுசர்ல ஓட்டின பிளேயர்) கைவிட்டு, 2021 ஜனவரி 12ல இருந்து பிளேயர் எதையும் ஓட்டாதபடி பூட்டிடுச்சு. அதுக்கு முன்னாடி பண்ண தமிழ் பாடங்க எத்தனையோ சிடிலயும் ஹார்டு டிஸ்க்லயும் தூங்குது, நல்ல உழைப்பு அது, போகக் கூடாது.

கையில எஸ்டபிள்யூஎஃப் ஃபைல் (ஃபிளாஷ்ல பண்ணி முடிச்ச ஃபைல்) மட்டும் இருந்தா மொதல்ல ரஃபுள்ங்கற ஃபிளாஷ் எமுலேட்டரை போட்டுப் பாருங்க, காசு கெடையாது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2ல எழுதினது பெரும்பாலும் ஓடிடும், 3ல எழுதினது பாடத்துக்குப் பாடம் மாறும். படம் ஓடுது ஆனா பக்கத்துல இருக்கற பட்டனோட பேசலன்னா ரஃபுள் செட்டிங்ல ஸ்கிரிப்ட் ஆக்சஸ் குடுத்திருக்கான்னு பாருங்க.

எஃப்எல்ஏ ஃபைல் (ஃபிளாஷோட மூல ஃபைல்) இருந்தா அடோபி அனிமேட்ல திறந்து எச்டிஎம்எல்5 கேன்வாஸா மாத்தலாம். மாத்தின பிறகு வழக்கமா வர்றது இது. ஒரு ஃப்ரேம் தள்ளி நிக்குதுன்னா, ஃபிளாஷ்ல ஃப்ரேம் எண் 1ல ஆரம்பிக்கும், கேன்வாஸ்ல 0ல, நிரல்ல ஃப்ரேம் எண் வர்ற இடத்துல எல்லாம் ஒண்ணு கழிக்கணும். பட்டன் கிளிக் ஆகுது ஆனா ஃபங்ஷனுக்குள்ள திஸ்ங்கற சொல் வேற எதையோ காட்டுதுன்னா பைண்ட் பண்ணுங்க. மவுஸ் மேல போனா எதுவும் ஆகலன்னா ஸ்டேஜ்ல எனேபிள் மவுஸ் ஓவரை கூப்பிடல. படம் ஓடுது, பட்டன் மட்டும் செத்துக் கெடக்குன்னா ஃபைலை டபுள் கிளிக்ல திறந்திருக்கீங்க, எங்க தொட்டாங்கன்னு பாக்க அது கேன்வாஸ் பிக்சலை படிக்கணும், ஃபைல் வழில பிரவுசர் விடாது, திரும்ப லைவ் சர்வர்.

எழுத்து எல்லாம் இங்கிலீஷ் குப்பையா வந்தா பயப்படாதீங்க. அந்தக் காலத்துல பாமினி எழுத்துருலயோ, 1999ல வந்த டாம், டாப் குறியீட்டு முறைலயோ அடிச்சிருப்பாங்க. எந்த ஃபான்ட்னு அனிமேட்ல டெக்ஸ்ட்டை செலக்ட் பண்ணா பேர் தெரியும், என்எச்எம் கன்வெர்ட்டர்ல யூனிகோடா மாத்தி ஒட்டுங்க. பாடம் பெருசுன்னா வாக்கியம் வாக்கியமா ப்ரூஃப் பாக்க ஒரு தமிழ் டீச்சர் வேணும், அந்த நேரத்தை கணக்குல சேத்துக்கோங்க.

எஃப்எல்ஏவும் இல்ல, ரஃபுள்லயும் ஓடலன்னா ஜேபெக்ஸ்ங்கற டீகம்பைலர் படங்களையும் ஸ்கிரிப்ட்டையும் வெளிய எடுத்துத் தரும், உரிமை உங்களோடதா இருந்தா மட்டும் பண்ணுங்க. அதுக்கு மேல அனிமேட்டரும் டெவலப்பரும் சேந்து உக்காரணும். அவங்ககிட்ட எஸ்டபிள்யூஎஃப் ஃபைல், எடுத்த படங்க, பழைய சிடி அப்படியே, அதோட அந்தப் பாடத்தை அந்த நாள்ல நடத்தின டீச்சர் யாராவது கெடச்சா எந்த பட்டனை அமுக்கினா என்ன வரும்னு சொல்லச் சொல்லி ஒரு வாய்ஸ் நோட், இத்தனையும் குடுங்க. போன தடவை ஒரு அறிவியல் பாடத்துக்கு எங்களுக்கு வழி காட்டினது அந்த வாய்ஸ் நோட் தான்.